மெழுகு கலந்த பொடி

தை 4, வியாழன்
கடும் பனி. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. இன்றும் அறுவடை இல்லை. கூலி நெல்லைக் கூட்டித் தரும்வரை எங்கள் தெருவில் யாரும் வயலில் இறங்குவதில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறாராம்.

பொங்கலுக்கு அண்ணன் வந்திருக்கிறான். என் பள்ளிக் கண்காட்சிக்காக, அவன் வேலை பார்க்கும் திருச்சிப் பட்டறையிலிருந்து ஒரு பொட்டலம் பொடி கொண்டுவந்தான். டங்ஸ்டனையும் கரியையும் உலையில் சேர்த்து, கோபால்ட்டுடன் அரைத்தது. கையளவுதான், படிக்கல் கனம். அச்சில் போட்டு டன் கணக்கில் அழுத்தினால் சாக்பீஸ் மாதிரி நிற்கும், நகத்தால் கீறலாம். ஆயிரத்து நானூறு டிகிரியில் சுட்டால் சுருங்கி இறுகிக் கண்ணாடியை அறுக்கும்!

"கேட்டு எடுத்தியா?"
"கீழ சிந்துனதுதான் பாப்பா."

தை 6, சனி
வெளியூர் ஆட்கள் வந்த லாரியை யாரோ மறித்தார்களாம். வீடு வீடாகப் போலீஸ். அரிவாள்களைச் சாக்கில் கட்டினார்கள். என் புத்தகப் பையில் பொட்டலம். ஏட்டு கையில் தூக்கிப் பார்த்தார். "வெடிமருந்து சார்."

அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்கள். நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. மத்தியானம் சமைக்கவில்லை.

தை 7, ஞாயிறு
அம்மாவும் நானும் ஸ்டேஷனில். "தீக்குச்சி வச்சுப் பாருங்க சார், எரியாது" என்றேன். லாக்கப்பிலிருந்து அண்ணன், "வேணாம் பாப்பா." அதற்குள் காகிதத்தில் ஒரு சிட்டிகை வைத்துக் கொளுத்திவிட்டார்கள். மெழுகுவர்த்தி வாசனை. குட்டியாய் ஒரு சுடர். பிறகு பொடி சிவப்பாய்க் கனன்றது. கான்ஸ்டபிள் பின்னால் நகர்ந்தார்.

அழுத்தும்போது ஒட்டுவதற்கு மெழுகு கலப்பார்கள். போன லீவிலேயே அண்ணன் சொன்னது. எப்படி மறந்தேன்.

இன்ஸ்பெக்டர்: "எரியாதுன்னியே?"

ராத்திரி
கரைவேட்டிக்காரர் வந்தார். "நம்ம ஆட்சிதான், பயப்படாதீங்க." டீ குடித்தார், போனார்.

பட்டறை முதலாளி வந்து தன் பொடிதான் என்று சொன்னால் வெடிமருந்து வழக்கு நிற்காது. ஆனால் அண்ணன் திருடனாகிவிடுவான். அப்பா பஸ் காசை எடுத்து வைத்தார். பிறகு அம்மாவிடம், "திருடன்னா சீக்கிரம் விட்ருவாங்க. காலைல திருச்சி பஸ் ஏறு."

தை 9, செவ்வாய்
தூறல். ஸ்டேஷனில் முதலாளி பொடியை விரலில் தேய்த்தார். "நம்மளுதுதான். இது வெடிச்சா நான் இந்நேரம் இருப்பேனா?"
ஏட்டு: "திருட்டுன்னு எழுதிக்கவா?"
"கேசு வேணாங்க. இவன் இனி வேலைக்கும் வேணாம்."

நான்தான் கொண்டுவரச் சொன்னேன் என்றேன். ஏட்டு நிமிரவில்லை. சாயந்தரம் அண்ணனை விட்டுவிட்டார்கள்.

தெருமுனையில் பெரியப்பா மகன்: "வாடா வெடிகுண்டு."
அண்ணன்: "குண்டு இல்லடா. திருடன்."
தெருவே சிரித்தது. அண்ணனும். அவன்தான் முதலில் நிறுத்தினான்.