பச்சை விழுதில் மஞ்சள் தூவிய மடைப்பள்ளிக்கு அரசியாரின் ஆணை

நலம் பெருகுக. கழியும் கானலும் சூழ்ந்த நெய்தலங்கோட்டு நாட்டின் பட்டத்தரசியும், கடல் கடந்த சயாம நாட்டு மன்னரின் திருமகளுமாகிய பவளமாலி தேவியார், அரண்மனை மடைப்பள்ளித் தலைவர் அம்பலக்கூத்தருக்கு விடுக்கும் ஓலை. உம் அடுப்பு அணையாதிருக்க. உம் குடி தழைக்க. உம் பிடிவாதம் மட்டும் இன்றோடு ஒழிக.

எம் தமையனார் விசயதேவரின் மரக்கலம் நாளை மறுநாள் துறை பிடிக்கிறது. மணம் முடித்துக் கொடுத்த பெண்ணின் வீட்டில் முதல் வேளை பச்சைக் குழம்பு உண்டு பார்ப்பதும், அது பிறந்தகத்துச் சுவையில் இருந்தால் அவள் சொல்லுக்கு அங்கே மதிப்புண்டு என்று மகிழ்வதும், இல்லையேல் அவளைக் கையோடு அழைத்துச் செல்வதும் எம் நாட்டு வழக்கம் என்று உமக்கு வாய் வலிக்கச் சொன்னோம்.

பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை, நாரத்தைத் தோல், பூண்டு, சின்ன வெங்காயம், சுட்ட இறால் விழுது ஆகியவற்றைக் கொத்தமல்லி வேரோடு கல்லுரலில் மைய இடிக்கச் சொன்னோம். நீரோ வேரை அழுக்கென்று யானைக் கொட்டிலுக்கு அனுப்பினீர். மறுமுறை வேர் வந்தது. கூடவே புளியும் வந்தது. அடுத்த முறையாவது தேறியிருக்கும் என்று மூடியைத் திறந்தால், விழுது மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, மேலே கடுகு தாளித்து! செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று எம் பேச்சு.

காரணம் கேட்டு ஏவலரை விடுத்தோம். மஞ்சளும் தாளிப்பும் இல்லாத பண்டம் இந்நாட்டில் துக்க வீட்டுக்கே உரியதென்றும், அரசியார் உண்ணும் கலத்தில் அமங்கலம் சேர்க்க உம் கை துணியாதென்றும் நீர் கண்ணீர் மல்க விண்ணப்பித்ததாக ஏவலர் வந்து உரைத்தார். உம் அன்பு எமக்கு விளங்குகிறது. அந்த அன்பே எம் குடியைக் கெடுக்கிறது என்பது உமக்குத்தான் விளங்கவில்லை. அரசரைப் பிரிய எமக்கு மனமில்லை, கூத்தரே.

ஆகவே ஆணையிடுகிறோம். விடிந்ததும் கல்லுரல் எம் மாளிகை முற்றத்துக்கு வரட்டும். யாமே இடிப்போம். நீர் எட்ட நின்று பார்க்கலாம். மஞ்சளை உரலின் புறத்தே பூசலாம், உம் நெற்றியிலும் பூசிக்கொள்ளலாம். உள்ளே ஒரு துகளும் விழலாகாது.

சங்கு இலச்சினை பொறித்து இவ்வாணையை உறுதி செய்தோம். மீறினால் யாம் கலமேறுவோம். அரசி எங்கே என்று அரசர் கேட்கையில், அந்த விடையையும் நீரே தாளித்துக் கொடும்.