சித்தியின் புதுக் கேமராவும் என் வயிற்றெரிச்சலும்

கணபதி, கோவை
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள நிதீஷ் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. டப்ளினில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நனையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பட்டறையில் ஆர்டர் வருகிறது, மொட்டை மாடியில் மிளகாய்ச் செடி காய்த்துக் கொட்டுகிறது, எல்லோரும் சௌக்கியம், என் வயிற்றெரிச்சல் ஒன்றுதான் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. இதை வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிற பக்கத்து வீட்டு மிதுன் கையில் பருப்புப் பொடியோடு கொடுத்தனுப்புகிறேன். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு சாமி.

விஷயம் உன் கீதா சித்தியின் கேமரா. கிணத்துக்கடவுத் தோப்பில் அவளிடம் ஏற்கெனவே ஒரு மிரர்லெஸ் கேமரா இருந்தது உனக்குத் தெரியும். உள்ளே கண்ணாடி இல்லாததால் எடை குறைவு என்று பெருமையடிப்பாள், நானும் வீட்டில் இருக்கிற கண்ணாடிகளை எல்லாம் கழற்றிப் போட்டால் எடை குறையுமோ என்று யோசித்ததுண்டு. அது போதாதென்று போன மாதம் அதே கம்பெனியில் புது மாடல் வாங்கிவிட்டாள். வாங்கியதோடு நிற்காமல் எனக்குப் போன் போட்டு, ஏனுங்க்கா, பழசு சும்மாதானுங்க கெடக்குது, வெளிய குடுக்கறதுக்கு நம்மூட்லயே இருக்கட்டுமுங்க, நீங்க எடுத்துக்கறீங்களா என்று தேன் ஒழுகக் கேட்டாள். யோசிச்சுச் சொல்றேன் அம்மணி என்று வைத்துவிட்டேன். பழசை எடுத்துக்கொண்டால் அவள் உடுத்திக் கழித்த சேலையை நான் கட்டிக்கொண்ட மாதிரி ஆகும், கடைக்குப் போய்ப் புதுசை வாங்கினால் அவளைப் பார்த்துக் காப்பியடித்த மாதிரி ஆகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மானம் போகிற வியாபாரம் இது.

இதில் உன் கைவரிசை இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. மாரியம்மன் நோம்பிக்கு எல்லோரும் தோப்பில் கூடியிருந்தபோது, வாங்குவதற்கு முன்னால் நம்ம நிதீஷ் எவ்வளவு அழகாக விளக்கினான் பாருங்கள் என்று நீ அனுப்பிய குரல் செய்தியை ஸ்பீக்கரில் போட்டாள். பழசுல கை கொஞ்சம் ஆடுனாலும் படம் கலங்கிப் போயிருமுங்க சித்தி, புதுசு அதை உள்ளயே தாங்கிக்கும், பழசுல எங்க தெளிவா இருக்கோணும்னு நீங்கதான் சொல்லோணும், புதுசு அதுவே கண்ணைத் தேடிப் புடிச்சுக்கும் என்று என்ன ஒரு பாடம், என்ன ஒரு பொறுமை. என்னிடம் பேசினால் சாப்பிட்டேன், தூங்கினேன், வைக்கட்டுமா, இந்த மூன்று வார்த்தைதான் உன் வாயில் வரும். சரி, பிள்ளை நல்லாத்தான் பேசுகிறான் என்று நான் மனதைத் தேற்றிக்கொள்ளும்போதே கடைசி வரி வந்தது. உங்களை மாதிரி பொறுமையா உக்கார்றவங்களுக்குப் பழசே போதுமுங்க சித்தி, புதுசெல்லாம் எங்கம்மா மாதிரி அவசரக்காரங்களுக்குத்தான் என்றாயே! உன் அப்பா சிரித்த சிரிப்பில் பாயசம் புரை ஏறிவிட்டது. நான்தான் முதுகில் தட்டினேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

கேமரா இல்லாமல் இத்தனை வருடம் ஓட்டவில்லையா, இப்போது என்ன அவசரம் என்று கேட்பாய். காலண்டர் கண்ணு, காலண்டர். பட்டறை காலண்டரில் வருடா வருடம் என் போனில் எடுத்த படம்தான் வரும், கீழே படம்: சாந்தாமணி என்று பொடி எழுத்தில் இருக்கும், உக்கடத்திலிருந்து ஈரோடு வரைக்கும் நம் பம்ப்செட் சாமான் வாங்குகிற கடையில் எல்லாம் என் பெயர் தொங்கும். இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கிற புகழ் அவ்வளவுதான். இந்த வருடம் பட்டறையில் பாதிப் பங்குக்காரரான உன் சித்தப்பா, அண்ணி என்ற மரியாதைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு, தப்பா நெனைக்காதீங்க நங்கையா, போன வருசம் நீங்க உக்கடம் கொளத்துல எடுத்த கூழைக்கடாவை வாத்துன்னே நெனைச்சுப்போட்டாங்க பாதிப் பேரு, இந்தத் தடவ கீதா எடுத்ததுல ஒண்ணு போட்டுப் பாக்கலாமுங்களா என்றார். உன் அப்பா உடனே அதுவும் சரிதான் என்றார். கட்டினவர் வாயில் வருகிற பேச்சா இது! அவளுக்கு என்ன, மைனாவும் செம்போத்தும் தோப்புக்குள் தானாக வந்து நிற்கின்றன. நான் கணபதியில் எதை எடுப்பது, லேத் சத்தத்துக்குப் பயப்படாமல் ஏசி பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் புறாவையா. உக்கடத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கரையில் நின்றால் பறவை எல்லாம் நடுக்குளத்தில் கடுகு தாளித்த மாதிரி தெரிகிறது, நடக்க வருகிறவர்கள் வேறு, ஏனுங்க, இது டிவியில வருமுங்களா என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள்.

ஆகவே சிவகாசிக்குப் படம் போவதற்குள் எனக்கும் ஒரு கேமரா வேண்டும், பழசா புதுசா என்பதை இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்று சொல்லிப் போன ஞாயிறு தோப்புக்குப் போனேன். கிணற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, கொசுவுக்காக அதில் மீன் குஞ்சு விட்டிருக்கிறாள், அதைத் தின்ன ஒரு மீன்கொத்தி தினமும் பைப் மேல் வந்து உட்காருமாம், அவளுக்கு மட்டும் மீன்கொத்தி கூட நேரம் தவறாமல் வருகிறது. முதலில் பழசை எடுத்தேன். கைக்கு அடக்கமாக, ஏதோ பல வருடப் பழக்கம் மாதிரி இருந்தது, பிடிக்காமல் போகவில்லை. ஆனால் நான் திரையில் தெளிவு வேண்டிய இடத்துப் புள்ளியை நகர்த்தி நகர்த்தி மீன்கொத்தியிடம் கொண்டுபோவதற்குள் அது குதித்து, மீனைக் கவ்வி, கிளம்பியும் போய்விட்டது. கிடைத்தது தெளிவான பைப்பும் கலங்கிய வாலும். கீதா அதே கேமராவை வாங்கித் தொட்டி மேட்டில் உட்கார்ந்தாள். அசையவில்லை, காலில் எறும்பு ஏறியதைக்கூடத் தட்டவில்லை, நான் கொறித்த கடலை தீர்ந்து போயிற்று. மீன்கொத்தி திரும்பி வந்து அவளுக்குப் பக்கவாட்டில் அழகு காட்டி நின்றது. ஒரே ஒரு தரம் அமுக்கினாள். அலகு, மீன், மீனின் கண் எல்லாம் துல்லியமாக வந்திருந்தது, பழசிலேயே. வாயாரப் பாராட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு எப்படி வாயாரப் பாராட்டுவது என்று கேட்காதே.

இனி என் மானத்தைக் காப்பாற்றப் புதுசுதான் என்று அதை அவளிடமிருந்து கையில் வாங்கினேன். நீ சொன்னது எல்லாம் நிஜம். சத்தமே இல்லை, என் கை ஆடியது திரையில் தெரியவே இல்லை, அமுக்கிப் பிடித்தால் சரசரவென்று எடுத்துத் தள்ளுகிறது. கீதா பழசை மடியில் வைத்துக்கொண்டு தொட்டி மேட்டிலேயே இருந்தாள், அவளுக்குப் பின்னால் பைப், பைப் மேல் மீன்கொத்தி. ஒரு பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது, சரி பறவையின் கண்ணைப் பிடித்துவிட்டது என்று விடாமல் அமுக்கினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து உன் சித்தப்பா அதை டிவியில் போட்டார். வரிசையாகக் கீதா, கீதா, கீதா. மூலையில் நீலமாக ஒரு தீற்றல், அதுதான் மீன்கொத்தி. பறவைக்கு என்று தனியாக மாற்றி வைக்க வேண்டுமாம், அவள் அதை மனிதர்களுக்கு வைத்திருந்தாளாம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, உன் அப்பாவுக்கு அவள் சமையல் ஒசத்தி, பெற்ற பிள்ளைக்கு அவள் பொறுமை ஒசத்தி, கடைசியில் இந்தப் புது மிஷினும் அவள் முகத்தைப் பார்த்து மயங்கிவிட்டதே என்று அழுகையே வந்துவிட்டது.

அந்த வரிசையில் ஒரு படத்தை உன் சித்தப்பா நிறுத்தி வைத்திருந்தார். தலையில் துண்டு, முழங்காலில் ஊன்றிய முழங்கை, மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம், பைப்பிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் பாட்டுக்கு எதையோ நினைத்துச் சிரிக்கிறாள். இமை மயிரை எண்ணலாம். உன் அப்பா மெதுவாக, ஏப்பா, நம்ம பைப்பும் தெரியுது, தண்ணியும் தெரியுது, பம்ப்செட் வாங்கற காட்டுக்காரங்க, வெவசாயிங்க பாத்தா இதைத்தான் தொங்க வெப்பாங்க என்றார். சித்தப்பாவும் ஆமாம் போட்டார். கீதாதான் என் கையைப் பிடித்து, அக்கா, கல்யாண ஆல்பத்துல கூட என்னை இத்தனை நல்லா யாரும் எடுக்கலீங்க்கா என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. என் பாழாய்ப்போன மனது அப்போதும் கணக்குப் போட்டது. மீன்கொத்தி போனால் அவள் பெயர் வரும், இது போனால் என் பெயர் வரும். ஆனால் இதில் பெயர் பொடி எழுத்தில், முகம் முழுத்தாளில். வருடம் பூராவும் நான் சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது என் சமையலறைச் சுவரிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள், அதற்குக் கீழே நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. போடச் சொல்லிவிட்டேன் கண்ணு. நல்ல படம், என்ன செய்ய. படம் சிவகாசிக்குப் போய்விட்டது.

கேமராவும் முடிவாகிவிட்டது, புதுசுதான். அவளைப் பார்த்து வாங்கினாள் என்று சொல்வார்கள், சொல்லட்டும், அவளைப் பார்த்துத்தானே வாங்குகிறேன். நீ சொன்ன அவசரக்காரிக்கு அதுதான் சரி என்று ஒத்துக்கொள்கிறேன், இதை யாரிடமும் படித்துக் காட்டாதே. அப்போ பழசை வெளிய குடுத்தர்றேனுங்க்கா என்றாள் கீதா. சொன்ன கையோடு, அடுத்த வருசக் காலண்டருக்கு உங்களை நான் எடுக்கறேனுங்க, இத்தனை வருசத்துல ஒரு படத்துலயும் நீங்க இல்லீங்களே என்றாள். நான் சும்மா சிரித்து மழுப்பினேன். அன்றைக்கு ராத்திரி அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். இமை மட்டுமா தெரிகிறது, அவள் கண்ணுக்குக் கீழே இருக்கிற கோடு ஒவ்வொன்றும் தெரிகிறது, அவளோ என்னைவிட எட்டு வயது சின்னவள். காலையில் முதல் வேலையாகப் போன் போட்டு, அம்மணி, பழசை யாருக்கும் குடுத்துப்போடாத, என்னை எடுக்கறதுன்னா அதுலதான் எடுக்கோணும், எடுக்கும்போது கையைக் கொஞ்சம் ஆட்டிக்கோ என்று சொல்லிவிட்டேன்.

புதுசில் மனிதரிலிருந்து பறவைக்கு மாற்றுவது எந்தப் பொத்தான் என்று மறக்காமல் சொல், சித்தியிடம் கேட்க மாட்டேன். வாரம் ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் வை, பொடியில் உப்பு கொஞ்சம் தூக்கல், நெய் விட்டுப் பிசைந்துகொள். நம் மாரியம்மன் துணையில் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நூறு வயது நன்றாக இரு சாமி.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
சாந்தாமணி