கோயம்புத்தூரில் நான் கட்டிக்கொடுத்த மகள்

என் கருவாட்டு வாசக்காரி ரோஸிக்கு,

நீ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். வாசனையே இல்லாத வியாபாரம். திருவொற்றியூர் மார்க்கெட்டில் என் பிளாஸ்டிக் கடைக்கு வழி கேட்கிறவர்களிடம் முன்பெல்லாம், "கருவாட்டு வாடை வந்ததும் நில்லுங்க, பக்கத்துக் கடை" என்று சொல்லிவிடுவேன். இப்போது போர்டைப் படித்துக்கொண்டு வரச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேனே என்று நினைக்காதே. சொன்ன பொய்யைக் கடைவாசலில் நாலு பேர் நடுவில்தான் சொன்னேன். உண்மையை மட்டும் உன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி முணுமுணுத்துவிட்டு வந்தால் சரியாகுமா?

முதலில் பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். நீ கண்ணை மூடிய அந்த வாரம்தான் தவழ ஆரம்பித்தாள். இப்போது மூன்று வயது முடியப் போகிறது. காலையில் என்னோடு கடைக்கு வந்ததும், வாசலில் கிடக்கிற பெரிய நீலத் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அது அவள் கல்லா. மக் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஆட்களிடமெல்லாம் நீட்டுவாள். "வோணுமா? வாணாமா?" என்பாள். வேண்டாம் என்று தலையாட்டினால், "அப்ப போ" என்று கையை வீசுவாள். எத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியும் எனக்கு வராத தைரியம் அது.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அதுதான் அவள் பள்ளிக்கூடம். சிவப்புப் பெட்டி, பச்சைப் பெட்டி, துருப்பிடித்த பெட்டி. துருவையும் ஒரு நிறமாகவே வைத்திருக்கிறாள். வண்டி நகராமல் நிற்கிற டிரைவர்கள் இவளைப் பார்த்து ஹாரனைத் தட்டுவார்கள். இவள் எழுந்து நின்று சல்யூட் வைப்பாள். துறைமுகத்துக்குள் நுழைய முடியாத எரிச்சலில் இருக்கிற மனுஷன் சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு என்னவோ பெரிய லாபம் வந்த மாதிரி இருக்கும்.

சாம்பல் தூசி படிகிற வாளிகளைத் துடைக்க அவளுக்கும் ஒரு துணி கொடுத்திருக்கிறேன். வாளியைத் துடைத்து, தன் முகத்தையும் அதே துணியால் துடைத்துக்கொண்டு, "பளபளன்னு கீது" என்பாள். ஏட்டி, அந்தக் 'கீது' உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். லோடு இறக்க வருகிற ஆட்களிடம் கற்றுக்கொண்டது. ஆனாலும் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

இவளை என்னவெல்லாம் ஆக்கிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? தொட்டியில் நின்று கையை ஆட்டினால் கலெக்டர். பொம்மையின் வயிற்றைத் தட்டினால் டாக்டர். வாடிக்கையாளரை விரட்டினால் மட்டும் எதுவும் தோன்றாது, இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நிம்மதியாக இருக்கும்.

இவ்வளவு சந்தோஷத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கேள்.

நான் முதன்முதலில் உன்னிடம் வந்து சொன்ன நாள் நினைவிருக்கிறதா? நெத்திலியைக் கொட்டி நீ கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய்.

"ரோஸி, ஒரு காரியம் நடந்துபோச்சுட்டி."

"இன்னா, சரக்கு வாங்கி ஏமாந்துட்டியா?"

"இல்லட்டி. உண்டாயிருக்கேன்."

நீ நெத்திலியைக் கீழே போட்டுவிட்டு என்னையும், வெளியே வண்டியில் வாளி அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாய். "அடிப்பாவி! அந்த மன்சன் வாயில்லாப் பூச்சினு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாப்பத்திரண்டு வயசுல இது என்னட்டி கூத்து? பையன் காலேஜ் முடிக்கப் போறான். சாத்தான்குளத்துல எங்க சனம் கேட்டா காறித் துப்பும்."

"துப்பட்டும்மே. அதுக்குனு பஸ் ஏறி வந்து இங்கயா துப்பப் போறாங்க? வூட்டுக்குப் போயி எதுனா துன்னு. மூஞ்சியப் பாரு, உப்புத் தடவாத வாளை மாதிரி."

வயிறு தெரியக் கூடாதென்று கல்லாவுக்கு முன்னால் கூடைகளைக் கோபுரமாக அடுக்கி வைத்தேன். நீ தினமும் வந்து மேலே இருக்கிற கூடையை எடுத்துவிட்டுப் போவாய். குழந்தை பிறந்த அன்று மார்க்கெட் முழுக்கக் கத்திக்கொண்டே போனாயாமே. "கனிக்குப் பொண்ணு பொறந்துக்குது! கல்கண்டு வாங்கிக்கோ!" நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கிடந்தேன், பார்க்க வருகிறவர்கள் வராமல் இருக்க வேண்டுமே என்று.

நீ இருந்தவரைக்கும் 'அந்தக் குழந்தை யாரு?' என்ற கேள்வி என் கல்லா வரைக்கும் வந்ததேயில்லை. வாசலிலேயே மடக்கிவிடுவாய். "பாத்தியா, நம்ம கனி பொண்ணு. மூக்கப் பாரு, அப்படியே அவ அம்மா." கேட்க வந்தவனுக்குக் கேட்க ஒன்றுமிருக்காது.

மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

பொன்னேரி அண்ணாச்சி உனக்குத் தெரிந்தவர்தான். எங்க தெற்குப் பக்கத்து மனுஷர், வெற்றிலை போடுவார், என்னிடம் மொத்தமாகச் சரக்கு எடுத்துப் பொன்னேரியில் கடைகளுக்குப் போடுகிறவர். நான் தனியாகக் கடை வைத்தபோது, பொம்பளையை நம்பி எடுப்பதா என்று மற்றவர்கள் யோசித்தார்கள். இவர்தான், "அந்தப் பிள்ள சொன்னா சொன்னதுதான்" என்று நாலு கடைக்காரர்களை அழைத்து வந்தார். உடம்பு சரியில்லாமல் இரண்டு வருஷம் ஊரில் இருந்துவிட்டு வந்தவர், தொட்டியில் இருந்த பாப்பாவைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டினார்.

"என்ன தாயி, பேத்தியா?"

வாடிக்கையாளர் பேச்சை மறுத்துப் பேசக் கூடாது என்பது என் தொழில் பழக்கம். 'ஆமா அண்ணாச்சி' என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதைப் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அடுத்துக் கேட்டார்.

"உனக்குப் பையன் மட்டும்தானேன்னு நெனச்சேன்."

"மூத்தவ ஒருத்தி இருக்கா அண்ணாச்சி. எங்க அம்மாகிட்ட வளந்தவ. கோயம்புத்தூர்ல கட்டிக்குடுத்திருக்கு."

கேட்டாயா ரோஸி? பெறாத ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கோயம்புத்தூரில் கட்டியும் கொடுத்துவிட்டேன். அவளுக்கு வேலை என்றும், அதனால் பிள்ளையை என்னிடம் விட்டிருக்கிறாள் என்றும் அடுத்த மாதம் சேர்த்துச் சொன்னேன். அதன்பின் அவர் புதிதாக அழைத்து வந்த கடைக்காரர்களிடமும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் அவர், "மக நல்லாருக்காளா?" என்று விசாரிப்பார். நான், "இருக்கா அண்ணாச்சி" என்பேன். உண்மையான மகள் பக்கத்தில் மக்கை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்தச் சங்கடமே இல்லை. குட்டியானை வண்டியில் இவளை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு டோல்கேட் வரைக்கும் போய், "எம் பொண்ணு, எம் பொண்ணு" என்று டீக்கடைதோறும் காட்டிவிட்டு வருகிறார். ஆம்பளைக்கு அது மெடல். பையன் முத்துவும் முதலில் முகம் கொடுக்காமல் இருந்தவன்தான். இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும் இவளை பைக்கில் வைத்து ஒரு சுற்று. யாராவது அவனைத் தகப்பன் என்று நினைத்துப் பேசினால், ஹெல்மெட்டைக் கழற்றி, "தங்கச்சிங்க" என்கிறான். வெட்கப்பட்டது நான் ஒருத்திதான். பத்து மாதம் சுமந்தவள்.

பாப்பா கடையில் என்னை 'ஆயா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். லோடு இறக்குகிற ஆட்கள் அவரவர் பாட்டியைக் கூப்பிடுகிற வார்த்தை. முதலில் கேட்டபோது வாளி அடுக்கு சரிந்தது மாதிரி இருந்தது. "ஆயா இல்லடா, அம்மா சொல்லு" என்று வாயில் பிஸ்கட்டைத் திணித்தேன். பிஸ்கட் தீருகிற வரைக்கும் அம்மா. தீர்ந்ததும், "ஆயா, இன்னொண்ணு."

வீட்டுக்குப் போனால் தடுமாற்றமே இல்லாமல் 'அம்மா' என்கிறாள். நான் மொத்த விலை, சில்லறை விலை என்று ஆளுக்கொரு விலை சொல்வதைத் தொட்டிக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அல்லவா? அம்மாவுக்கும் இரண்டு விலை உண்டு என்று புரிந்துகொண்டிருக்கிறாள்.

ஒருநாள் அண்ணாச்சி குனிந்து அவளிடம் கேட்டார். "ஏலே குட்டி, ஒங்க அம்மா எங்கடா?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்: "அம்மா கோய்ம்த்தூர்ல கீது."

நான் அவளுக்கு ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய பால் டம்ளர் என் கையில் இருந்தது. அண்ணாச்சி, "அறிவுள்ள பிள்ள" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் ரோஸி. அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் இத்தனை நாள் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சிரித்தேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் வாக்கை நம்பிச் சரக்கு எடுக்கிறவர், இத்தனை மாதமாக நான் புளுகினேன் என்று தெரிந்தால் என் சரக்கை நம்புவாரா என்று கணக்குப் போட்டேன். பாப்பா என்ன கணக்குப் போட்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் அவளைப் பிளே ஸ்கூலில் சேர்க்கப் போனேன். புதுக் கவுன், ரெட்டைக் குடுமி. வாசலில் சின்னச் சின்ன வயசு அம்மாக்கள். அவர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கி, நாற்காலி போட்டார்கள். மிஸ் நல்ல பெண். முட்டி போட்டு உட்கார்ந்து பாப்பாவின் கையைப் பிடித்தாள்.

"யாழினிக்குட்டி, யார்கூட வந்தீங்க? இவங்க யாரு?"

பாப்பா கையை உருவிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, சேலையைப் பிடித்து இழுத்து, கடையில் ரகசியம் பேசுகிற மாதிரி கையை வாயருகே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இங்க இன்னா சொல்லணும்?"

ரகசியம் என்று அவள் நினைத்தது எல்லோருக்கும் கேட்டது.

நாற்காலியை விட்டு இறங்கி, அந்த மிஸ் மாதிரியே தரையில் முட்டி போட்டேன். முட்டி வலித்தது. "அம்மான்னு சொல்லணும்" என்றேன். "நான் உன் அம்மா. நான்தான் பெத்தேன்." கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போல. ஒரு பெண், "ஐயோ சாரி ஆன்ட்டி, நாங்க..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். மிஸ் பாப்பாவுக்கு ஒரு கிரேயானைக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு விசாரணை வைத்தாள்.

"வூட்ல அம்மாவா?"

"ஆமா."

"இஸ்கூல்ல?"

"அங்கயும் அம்மாதான்."

"கடைல?"

"கடையிலயும்."

ரோட்டைப் பார்த்தாள். ஒரு மஞ்சள் கன்டெய்னர் போனது. அதற்குச் சல்யூட் வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"பொன்னேரி தாத்தா வந்தா?"

ரோஸி, நீயாக இருந்தால் அந்த ஆட்டோக்காரனுக்கும் சேர்த்துக் கேட்கிற மாதிரி பதில் சொல்லியிருப்பாய். நான் சொல்லவில்லை. "பசிக்குதா பாப்பா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டிவிட்டு என் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது, நான் கொடுக்கவில்லை என்றாலும்.

அண்ணாச்சி பொங்கலுக்குச் சரக்கு எடுக்க இந்த வியாழக்கிழமை வருகிறார். இவள் பிறந்ததற்கு வெட்கப்பட்டேன், இப்போது அந்த வெட்கத்துக்கு வெட்கப்படுகிறேன். இதில் எது எப்போது தீரும் என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் இவளே வளர்ந்து வந்து கேட்டுவிடுவாள். என் முகம் எப்படிப் போனாலும் போகட்டும், நாக்கு குழறினாலும் குழறட்டும். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "மக நல்லாருக்காளா?" என்று கேட்பார். பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "இவதான் அண்ணாச்சி என் மக, கோயம்புத்தூர்ல எனக்கு யாருமில்ல" என்று சொல்வேன். அவர் சரக்கை எடுக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாலும் சரி. பாப்பாவுக்குக் கேட்கும்படி சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தோஸ்து,
யாழினியைப் பெற்றவள்,
கனி