வெட்டிய படத்தின் மீதி

எதிர்மேசையிலிருந்து சொல்லாமல் எழுந்துபோன என் நிர்மலாவுக்கு,

நீ போய் இன்றோடு இருபத்தொன்பது நாள். நாளை மறுநாள் உன் முப்பத்தோராம் நாள் சடங்கு, அந்தியேட்டி. நினைவு அட்டை அச்சாகி வந்துவிட்டது. நிறம் சரி, எழுத்துப் பிழையும் இல்லை. படத்தை வெட்டியது நான். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும்.

இருபது வருடமாக உட்துறைமுக வீதியில் ஒரே அச்சுக் கடைக்குள் எதிரெதிராக இருந்தோம். எழுத்து எனக்கு, படம் உனக்கு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிற முஸ்லிம்கள் மரண அறிவித்தலுக்குப் படம் கேட்பதில்லை, அந்த வேலை முழுவதும் என் மேசையிலேயே முடிந்துவிடும். மற்ற எல்லாரும் உன்னிடம்தான் வந்தார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கும்? யாருடையவோ கல்யாணத்தில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிற படம். "இதில எங்கட அப்பாவ மட்டும் எடுத்துத் தாங்கோ" என்பார்கள்.

நீ மவுஸைப் பிடித்து அந்த அப்பாவைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைப்பாய். காது, தோள், சட்டைக் கை என்று கோடு வளைந்து வளைந்து போய், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். அந்தக் கோட்டுக்குள் படத்தைப் போட்டதும் மற்ற ஒன்பது பேரும் காணாமல் போவார்கள். நான் ஒரு மரண அறிவித்தலைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நீ மூன்று பேரை வெட்டி எடுத்திருப்பாய்.

கப்பல்துறையிலிருந்து வந்த அந்த அம்மாவை நினைவிருக்கிறதா? அவருடைய கணவர் இடுப்பில் சாரத்தோடு நிற்கிற படம் ஒன்றுதான் இருந்தது. நீ பாவம் பார்த்து அவருக்குக் கோட்டும் கழுத்தில் ரையும் போட்டுவிட்டாய். அந்த அம்மா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கிறார் பிள்ளை. ஆனா இவர் ஆர்?" என்று கேட்டார். நாம் கடையின் பின்பக்கம் ஓடிப்போய் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு நீ வந்து அவருக்குச் சாரத்தைத் திருப்பிக் கொடுத்தாய்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீ விட்டுக்கொடுக்க மாட்டாய். "உயிரோட இருக்கிற ஆக்களின்ட கை, செத்த ஆக்களின்ட படத்தில கிடக்கப்படாது." தோளில் கிடக்கிற ஒரு விரல்நுனியைக்கூட விட மாட்டாய். அது கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று உன் அம்மா சொன்னதாகச் சொல்வாய். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன கிழமை உன் மகள் துஷி கடைக்கு வந்தாள். நீ இருந்த கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தாள்.

"மாமி, அட்டைக்கு அம்மா சிரிக்கிற படம்தான் வேணும். அடையாள அட்டைப் படம் வேண்டாம். அதில அம்மா ஆரோடயோ கோவிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு."

"அது என்னோடதான் கோவிச்சுக்கொண்டு நிண்டவ" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீ சிரிக்கிற படம் ஒன்றுதான் அகப்பட்டது. போன தைப்பொங்கலன்று கடை வாசலில் துஷி தன் போனில் எடுத்தது. பச்சைச் சேலையில் நீ வாயெல்லாம் பல்லாக நிற்கிறாய். பக்கத்தில் நான். என் கை உன் தோளில் கிடக்கிறது, நாலு விரல் தெரிகிறது. காற்றில் எழும்பிய உன் தலைமுடி என் தாடையில் படுகிறது.

"வேற ஆரிட்டயும் குடுக்க எனக்கு மனமில்லை மாமி. நீங்களே வெட்டுங்கோ."

"எனக்கு ஏலாது பிள்ளை, நான் எழுத்து ஆள்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று பகல் முழுவதும் உன் கதிரையில் இருந்தேன். நீ எதிரே இருந்து பார்த்திருந்தால் என்னை எழுப்பிவிட்டிருப்பாய். எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்க நெருக்கப் புள்ளி வைத்தேன். முதல் தரம் உன் இடது காதைக் காணவில்லை. இரண்டாம் தரம் காது வந்தது, காதோடு என் தாடையும் வந்தது. மூன்றாம் தரம் முடித்து துஷியின் போனுக்கு அனுப்பினேன். "மாமி, அம்மாவ ஈரப்பலாக்காய் மாதிரிச் சீவியிருக்கிறியள்" என்று பதில் வந்தது. உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

கோபத்தில் மவுஸை இரண்டு தரம் குத்தினேன். கோடு தளர்ந்த மாதிரி இருந்தது. வெட்டி எறிந்தேன் என்று நினைத்த எல்லாம் திரும்ப வந்து நின்றன. கடை வாசல், பொங்கல் கோலம், என் முகம், என் கை, உன் காது. மறுபடி வெளியே அழுத்தினேன், எல்லாம் ஒளிந்துகொண்டன. மறுபடி உள்ளே அழுத்தினேன், வந்தன. பச்சைப்பிள்ளை விளையாடுகிற மாதிரி எத்தனை தரம் செய்தேனோ தெரியாது. அப்படியென்றால் இது வெட்டுவதே இல்லையா? கோட்டுக்கு வெளியே இருப்பதை மறைத்து மட்டும்தான் வைக்கிறதா? இருபது வருடம் எதிரே இருந்தும் இதை நான் அறியவில்லை.

அறிந்த அந்த நிமிடமே எனக்கு வேறொரு படம் ஞாபகம் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். துஷி என்றாவது இதை வாசித்தால் அவளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு உன் அண்ணன், என் கணவர் மோகன், போய்ச் சேர்ந்தார். அவருடைய அந்தியேட்டி அட்டைக்கும் ஒரே ஒரு படம்தான் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம், மூதூர் போகிற லாஞ்சிப் படகுக்காக இறங்குதுறையில் நின்றபோது நீ எடுத்தது. அவரும் நானும் நிற்கிற படம். நீ அதை ஸ்கேன் செய்து, உன் வழக்கப்படி என்னை வெட்டி, உன் அண்ணனை மட்டும் எடுத்தாய். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வினை. மாரிமழை. ஜன்னலோரம் மேசையில் வைத்திருந்த அந்தக் காகிதப் படம், அட்டைகள் வெட்டிய துண்டுத்தாள்களோடு சேர்ந்து கூடைக்குள் போயிற்று. நீ அழுதுகொண்டே மேசையைத் துப்புரவாக்கினாயாம், கண் தெரியவில்லையாம். கூடையை வாசலில் வைத்தாய். நம் நகரத் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான் கூட்டம் வழக்கம்போல வந்து கூடையைக் கவிழ்த்து, தின்றது பாதி, மிதித்தது பாதி. நான் சேற்றைக் கிளறித் தேடினேன். ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

"என்ட புருஷன மானுக்குத் தீனியாப் போட்டிட்டாய்!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ கவிழ்ந்த கூடையை நிமிர்த்தி வைத்தாய். அவர் உனக்கு அண்ணன் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு நாம் சேர்ந்துதான் வேலை செய்தோம், சேர்ந்துதான் சாப்பிட்டோம், துஷியைச் சேர்ந்துதான் வளர்த்தோம். அந்தப் படத்தின் கதையை மட்டும் எடுக்கக் கூடாது என்பது என் சட்டம். நீ இரண்டு மூன்று தரம் வாய் திறந்தாய்.

"மச்சாள், ஒரு சாமான் காட்டவேணும். ஒருக்கா என்ட பக்கம் வாவன்."

"அண்ணன்ட படத்தப் பற்றியெண்டா வேண்டாம். அந்தக் கதைய விடு."

நீ விட்டுவிட்டாய். ஒருநாள் என் மேசையில் ஒரு பெரிய உறையை வைத்தாய். மிஞ்சிப்போன நினைவு அட்டைகளாக்கும் என்று நினைத்து, திறக்காமலே உன் மேசைக்குத் திருப்பி எறிந்தேன். உறையை எடுத்து நீ அலுமாரிக்குள் வைத்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு அந்த உறையை நான் காணவில்லை, நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டுச் சுவரில் அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். அதில் உன் அண்ணன் பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கிறார். பார்க்கிற பக்கம் வெறும் வெள்ளை. வீட்டுக்கு வருகிறவர்கள், "எதப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறார்?" என்று கேட்பார்கள். எனக்கு மறந்துவிட்டது. உண்மையாகவே மறந்துவிட்டது நிர்மலா. அவர் எதற்காகச் சிரித்தார் என்று சொல்ல இந்த உலகத்தில் என்னைத் தவிர நீ ஒருத்திதான் இருந்தாய். உன்னிடம் கேட்க எனக்கு வீம்பு.

கோடு மறைத்து மட்டும்தான் வைக்கிறது என்றால் அவர் பார்த்ததும் உள்ளே இருக்குமே என்று, உன் கணினியில் பழைய வேலைகளைத் தேடினேன். வருடவாரியாக, ஊர்வாரியாக, சாமான் அடுக்குகிற மாதிரி அடுக்கி வைத்திருக்கிறாய். வெருகல், ஈச்சிலம்பற்று, கப்பல்துறை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஊர்ப் பெயர் இல்லாமல் ஒரு கோப்பு. அதன் பெயர் "மச்சாளுக்குக் காட்ட".

திறந்தேன். சுவரில் இருக்கிற அதே மோகன். இரண்டு தரம் அழுத்தினேன்.

இறங்குதுறை வந்தது. லாஞ்சி வந்தது, கடல் வந்தது. அவருக்குப் பக்கத்தில் இருபத்திநாலு வயதுச் சாந்தி வந்து நின்றாள். ஒரு கையால் அவருடைய கையைப் பிடித்திருக்கிறேன். மற்றக் கையில் வார் அறுந்த செருப்பு. முகம் முழுக்கக் கோபம். அன்றைக்குப் புதுச் செருப்பு, லாஞ்சியைப் பிடிக்கிற அவசரத்தில் பலகை இடுக்கில் மாட்டி அறுந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சுவரில் வெள்ளையைப் பார்த்துச் சிரித்த மனிதர் என் செருப்பைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்.

உன் மேசையில் தலையை வைத்து அழுதேன். வந்த ஒரு வாடிக்கையாளர் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார்.

இதைத்தான் காட்ட வந்தாயா? இப்போது அலுமாரியில் தேடியும் கிடைக்காத அந்த உறைக்குள் இதுதான் இருந்ததா? நான் எறிந்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சாள், கணினியில..." என்று தொடங்கினாய். கடை வேலையைப் பற்றிப் பேசப் போகிறாய் என்று நினைத்து, "பேசாமல் படு, எல்லாம் நான் பாக்கிறன்" என்றேன். அன்றைக்காவது உன்னைப் பேசவிட்டிருக்கலாம். நான் பொல்லாதவள் நிர்மலா. என்னை மன்னித்துவிடு.

உன் அட்டையை அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் செய்தேன். அண்ணனின் சட்டைக் கையில் என் விரல்கள் இருந்த இடத்தை மூட, மற்றக் கையிலிருந்து துணியைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறாய். அந்த ஒட்டுத்துண்டை நகர்த்தினால் அடியில் என் விரல்கள் பத்திரமாக இருக்கின்றன. நானும் அப்படியே செய்தேன். உன் வலது தோளிலிருந்து பச்சைச் சேலையில் ஒரு துண்டு எடுத்து இடது தோளை மூடினேன். புள்ளியைக் குறைத்து, கோட்டை நீளமாக வளைத்தேன். இந்தத் தரம் காது தப்பியது. "இதுதான் அம்மா" என்றாள் துஷி.

அட்டையில் என் விரல்நுனிகூட இல்லை. உன் சட்டத்தை நான் மீறவில்லை. ஆனால் கோப்புக்குள் உன் தோளில் என் கை கிடக்கிறது. அது கிடக்கட்டும்.

இறங்குதுறைப் படத்தை முழுதாக அச்சிட்டு, கடையில் உன் மேசைக்கு மேலே மாட்டவென்று திரையில் திறந்து வைத்தேன். நேற்று துஷி அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தின் அடியில், பலகைகளில், ஒரு நிழல் நீண்டு விழுந்திருக்கிறது. படமெடுக்க உயர்த்திய இரண்டு முழங்கை, ஒற்றைப் பின்னல்.

"மாமி, கீழ கறுப்பா ஏதோ விழுந்திருக்கு. அச்சடிக்க முன்னம் வெட்டிவிடட்டோ?"

"தொடாத பிள்ளை" என்றேன். "அது உன்ட அம்மா."

நிர்மலா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாராவது "ஒருக்கா வாவன், ஒண்டு காட்டவேணும்" என்று கூப்பிட்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழும்பிப் போவேன். அந்தப் படத்தை யார் வந்து எந்த அளவில் கேட்டாலும், ஒரு ஓரமும் வெட்டாமல், உன் நிழலோடுதான் கொடுப்பேன்.

செருப்பு அறுந்த கோபம் ஆறிப்போன,
உன் மச்சாள்,
சாந்தி