கடை அரிசியில் வந்த பொங்கல் சீர்

என் அன்பு அண்ணா,

மழை விட்டு வெயில் அடிக்கிறது. அணுபுரம் குவார்ட்டர்ஸில் அவர் டியூட்டிக்குப் போனபின் நானும் குக்கர் சத்தமும்தான். யாரிடம் பேசுவது? உனக்கே எழுதுகிறேன்.

நீ உயிரை மாய்த்துக்கொள்வதற்கு முன் வந்த பொங்கலுக்கும் சீர் கொண்டுவந்தாய். கரும்பு, மஞ்சள்கொத்து, நம் கழனி அரிசி என்று ஒரு மூட்டை. புது அரிசி என்றால் குழைய வேண்டும். அது விறைப்பாக நின்றது. போனில் கேட்டேன்.

“இன்னாண்ணா, அரிசி குழையவே மாட்டேங்குது?”

“புது ரகம்மா. கொஞ்சம் தண்ணி சேத்து வை.”

கழனிக்காரர் மகளுக்கு இது தெரியாதா? கடை அரிசி என்று நாக்குக்குத் தெரிந்தது. உன் மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது, அண்ணா.

அறுத்த நெல் களத்திலேயே நனைந்து முளைவிட்டதை அண்ணி பிறகுதான் சொன்னார். நீ பயிர் வைத்த கழனியின் குத்தகை வெறும் வாய்ப்பேச்சு. கையில் காகிதம் இல்லாததால் பேங்க் கடன் கிடைக்கவில்லை. மழை நிவாரணமும் நிலத்துக்காரர் பேருக்குப் போனது. வட்டிக்கு வாங்கினாய். அதிலும் எனக்குச் சீர். தூங்காமல், சாப்பிடாமல் கிடந்தாயாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

போன மாதம் பக்கத்துக் கழனி முருகேசனும் அதே மாதிரி ஒடுங்கிக் கிடந்தான். டீக்கடைக்கு வருவதில்லை, போனை எடுப்பதில்லை என்று அண்ணி சொன்னார். பஸ் பிடித்துப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

“செத்துப் போலாம்னு தோணுதாடா?”

அவன் அழுதுவிட்டான். “ஆமாக்கா. யாருமே கேக்கலக்கா.”

அன்றைக்கே அண்ணியும் நானும் அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் பொறுமையாகப் பேசினார், மாத்திரை கொடுத்தார். அவனுக்குக் கடன் கொடுத்தவரிடமும் கூடவே போய் உட்கார்ந்து, அடுத்த அறுவடை வரை தவணை கேட்டு வாங்கினோம். “கடன் அப்படியேதான் கீது. ஆளும் கீறானே, அது போதும்” என்கிறார் அண்ணி.

உன் எதிரில் இப்படி வந்து உட்காரவில்லையே நான்.

போன வருஷம் துக்கம், உன் வீட்டில் பொங்கல் இல்லை. இந்த வருஷம் சீர் நான் கொண்டுபோகிறேன். தங்கச்சி சீர் கொண்டுவருவதா என்று ஊர் பேசட்டும். கடை அரிசி என்று சொல்லியே அண்ணி கையில் கொடுப்பேன். எப்படி இருக்கீங்க என்று கேட்பேன். “நல்லாத்தான் கீறேன்” என்று சொன்னால், எழுந்து வராமல் மறுபடியும் கேட்பேன்.

நீ கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கேட்காமல் இருந்த உன் தங்கச்சி,
மல்லிகா