இரண்டாவது தட்டில் ஒரு முட்டை குறைவு

ஹோய்-லாம்,

தேநீர்க் கடைக்குப் போகிறேன். மேசையில் இரண்டு தட்டு மூடியிருக்கிறது. பரீட்சைக் காலையில் எல்லா வீட்டிலும் வைப்பதுதான்: ஒன்று மாதிரி ஒரு சாசேஜ், பக்கத்தில் சைபர் மாதிரி இரண்டு முட்டை, சேர்த்துப் பார்த்தால் நூறு. ஒரு தட்டு இன்றைய ஹாங்காங் தேர்வுக்கு, இன்னொன்று அடுத்த மாத லண்டன் தேர்வுக்கு. ஊரிலுள்ள கோழியெல்லாம் ராத்திரி முழுக்க எனக்காகவே முட்டையிட்டன.

"இது இல்லேன்னா அதுல காலேஜ் கிடைக்கும்னு ரெண்டையும் எழுதச் சொல்றீங்க. எனக்கென்ன ரெண்டு தலையாப்பா?" என்று நேற்றுக் கேட்டாய். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கடையில் தினமும் கூட உட்காரும் ஃபுங் வேறு, "உன் பொண்ணு எப்பப்பா டாக்டராகி எனக்கு ஊசி போடுவா?" என்கிறான். உன்னைக் கேட்டு ஐந்து பல்கலைக்கழகம் நம் வீட்டு லிஃப்ட் வாசலில் வரிசையில் நிற்பதாக அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று மூன்றாகக் குறைத்துவிடுகிறேன்.

சாவி செருப்பு அலமாரி மேல். குடை எடுத்துக்கொள்.

அப்பா

பின்குறிப்பு: லண்டன் தட்டில் ஒரு முட்டையை நான் தின்றுவிட்டேன். இப்போது அது பத்துதான். பத்து வாங்கினாலும் எனக்குப் போதும். அந்தத் தேர்வே வேண்டாமென்றால் அந்தத் தட்டைத் தொடாமல் போ. ஏனென்று கேட்கமாட்டேன். கடையில் எதுவும் சாப்பிடாமல், அதைக் காலிசெய்யப் பசியோடுதான் வருவேன்.