பாலேந்திராவின் காரில் எஞ்சினைக் காணவில்லை

வெம்பிளி
20.4.1986

அன்புள்ள தவமலருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உம்முடைய முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் பூசத் தவறாதேயும்.

இன்று வயிறு நோகச் சிரித்தேன். என் கடை முதலாளி பாலேந்திரா, அழகில் மயங்கி, பழைய அமெரிக்கக் கார் ஒன்றை நேற்று வாங்கினார். செவர்லே கோர்வேர். பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எஞ்சினுக்குச் சந்தனம் வைக்க ஐயர் முன்பக்கப் பொனற் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெறும் பெட்டி!

"ஐயோ, எஞ்சினைக் களவெடுத்திட்டாங்கள்!" என்றார் பாலேந்திராவின் மனைவி.

"விசர்க்கதை கதையாதையும். அப்ப இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டோ வந்தனாங்கள்?" என்றார் பாலேந்திரா. ஆனால் முகம் வெளிறிவிட்டது.

விடுமுறை நாட்களில் போக இடமில்லாமல் நூலகத்தில் இருப்பேன். அங்கே இந்தக் காரைப் பற்றிப் படித்திருந்தேன். அது வேறு காரோ என்ற சந்தேகமும் இருந்தது. ஆனாலும் மெல்லச் சொன்னேன்: "தம்பி, பின்னுக்குத் திறந்து பாரும்."

அங்கே எஞ்சினின் ஆறு சிலிண்டரும் இருபுறமும் படுத்துக் கிடந்தன.

"மாஸ்டர், தண்ணி எங்கை ஊத்துறது?" என்று கேட்டார் பாலேந்திரா. ஊரில் படிப்பித்தவன் என்பதால் முதலாளிக்கும் நான் மாஸ்டர்தான்.

"இதுக்குத் தண்ணி வேண்டாம். காத்துத்தான் குளிராக்கும். அமெரிக்காவிலை ஏராளமாச் செய்த கார்களுக்குள்ளை இப்பிடிப் பின்னுக்கு, காத்திலை குளிருற எஞ்சின் உள்ளது இதுதான் எண்டு நினைக்கிறன்."

"அப்ப தேங்காய்த் தண்ணியும் வேண்டாமோ?" என்றார் ஐயர். கோயில் வாசலே சிரித்தது. சந்தனம் பின்னால் வைக்கப்பட்டது.

உம்முடைய கையால் இடித்த மிளகாய்த்தூள் அனுப்பும். கொஞ்சம் போதும், மணந்து பார்க்கத்தான்.

முந்திய கடிதங்களில் எழுதிவிட்டு வெட்டிய கேள்வியை இன்று கேட்கிறேன். விசாவுக்கு எழுதிப் போட்டு நீர் என்னோடு இருக்க இங்கே வருவீரா? யோசித்தால் மறுபடியும் வெட்டிவிடுவேன். உறையை இப்போதே ஒட்டுகிறேன்.

அன்புடன்
தியாகராஜா